தராசில் ஏறிய பலகாரத் தட்டு: தூத்துக்குடி வீடொன்றின் மூன்று வருடக் கிறிஸ்துமஸ் கணக்கு

கிறிஸ்துமஸ் செலவுக்கென்று எங்கள் வீட்டில் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. நான் கணக்கெழுதும் வேலையில் இருப்பவள். கை சும்மா இருக்காது, அரைக்கிலோ ரவை வாங்கினாலும் எழுதிவிடுவேன். எழுதினேனே தவிர, பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நோட்டு நனைந்து, மொட்டை மாடியில் காயப்போட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்தபோதுதான் அதற்கு முந்தைய வருடம் என்னென்ன வாங்கினோம் என்பதை முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன். மை ஊறியிருந்தாலும் ஒரு வரி தெளிவாக இருந்தது: சீனி 8 கிலோ.

அந்த 8 கிலோ அடுத்த சுற்றில் எப்படி இரண்டரைக் கிலோவானது என்பதுதான் இங்கே எழுதப்போவது. ஒரே வீட்டுக் கதைதான். இருந்தாலும் இதில் வருகிற சீட்டு, டின், தட்டு எல்லாம் பல வீடுகளில் இருப்பவை.

வீட்டில் நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று 5 பேர். 23-ஆம் தேதி கொழுந்தன் குடும்பம் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தால் 8. கிறிஸ்துமஸ் மதியம் நாத்தனார் வீட்டார் 4 பேரும் வருவார்கள், ஆக 12 இலை. மாமியாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் 24 இரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் பண்டிகை தொடங்கும். விடியற்காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், மதியம் பிரியாணி. இதில் எந்த வருடமும் மாற்றம் கிடையாது, மாற்றவும் நாங்கள் நினைக்கவில்லை.

2022-ஆம் வருடப் பக்கம்

அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை. நோட்டில் இருப்பது இது: மைதா 5 கிலோ, அதன் கீழே வேறு மையில் "மறுபடி 2 கிலோ". பச்சரிசி மாவு 4 கிலோ, சீனி 8 கிலோ, ரீபைண்ட் எண்ணெய் 8 லிட்டர், முட்டை 60, நெய் ஒரு கிலோ, முந்திரி ஒரு கிலோ, தேங்காய் 25. ஆட்டுக்கறி 5 கிலோ, கோழி 3, சீரகச் சம்பா 5. கடையில் வாங்கிய பிளம் கேக் 3 கிலோ, மக்ரூன் ஒரு கிலோ. மசாலா, குளிர்பானம், சில்லறை எல்லாம் சேர்த்து 14,300 ரூபாய்.

இவ்வளவும் எங்கே போனது? நாங்கள் சாப்பாட்டு ராமன்கள் இல்லை. 2023 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று குடிலைப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டு டின்களைத் திறந்தது எனக்கு நினைவிருக்கிறது. முறுக்கில் சிக்கு வாசம் வந்துவிட்டது. மைதாவில் சுருட்டிப் பொரிக்கும் கலகலா பாதி டின் இருந்தது. ஒரு கேக் பெட்டி நாடா கூடப் பிரிக்காமல் ஃபிரிட்ஜுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. பிரியாணி 26-ஆம் தேதி காலையிலேயே ஒரு சட்டி நிறையக் கெட்டுப்போய்க் கொட்டப்பட்டது. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய் மூன்று லிட்டர், கறுத்துப்போய்த் தூக்குவாளியில் இருந்தது. மனசு வராமல் ஜனவரி முழுக்க அதிலேயே அப்பளமும் வடையும் பொரித்தேன். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி ஏது? நிறமும் பிசுபிசுப்பும்தான் அளவு. அந்தக் கணக்கில் என் தூக்குவாளி என்றைக்கோ தோற்றுப்போயிருக்கும்.

சீனிக்கும் ஒரு கணக்குப் போட்டேன். 8 கிலோவில் பாதி அக்கம்பக்கத்துக்குப் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 4 கிலோவை 8 பேருக்கும் 14 நாளுக்கும் வகுத்தால் தலைக்குத் தினம் 36 கிராம் வருகிறது. இதில் காப்பி, தேநீரில் போட்டது கிடையாது, கடை கேக்கும் மக்ரூனும் கிடையாது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது, 50 தாண்டக் கூடாது என்பது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. எங்கள் 8 பேரில் 3 பேர் பிள்ளைகள், ஒருவருக்குச் சர்க்கரை.

பக்கத்தைப் படிக்கப் படிக்க, நாங்கள் அதிகம் வாங்கியதற்குக் காரணம் நாக்கில் இல்லை என்பது புரிந்தது. முதல் குற்றவாளி பண்டிகைச் சீட்டு. தெருவில் ஒரு அக்கா பிடிக்கும் சீட்டு, மாதம் 300. டிசம்பர் முதல் வாரத்தில் மைதா 5, சீனி 5, எண்ணெய் 5, கூட ஓர் எவர்சில்வர் பாத்திரம் என்று மூட்டையாக வீட்டுக்கு வரும். அந்த அக்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் முடிவு செய்யும் முன்பே மூட்டை முடிவு செய்துவிடுகிறது. மைதா 5 கிலோ வந்துவிட்டதா, 5 கிலோவுக்குக் கலகலா. எண்ணெய் இருக்கிறதா, அப்படியே முறுக்கும் பிழிந்துவிடலாம். சீனி போதவில்லையா, இன்னும் 3 கிலோ வாங்கு.

அடுத்தது தேதி. அந்த வருடம் பலகாரம் சுட்டது டிசம்பர் 10. கேரல் பாட வருகிறவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே சுட்டோம். கேரல் குழு வந்தது ஒரே ஒரு இரவு. டின் திறந்திருந்தது பதினைந்து நாள். பள்ளிவிட்டு வந்ததும் ஒரு கை, படிக்கும்போது ஒரு கை, இரவு விளக்கணைக்கப் போகும் பெரியவர்கள் ஒரு கை. 20-ஆம் தேதி டின்னின் அடி தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் இல்லாத வீடா? மறுபடி அடுப்பேற்றினோம். அந்த வேறு மையின் கதை இதுதான்.

இன்னொன்று, வெளியிலிருந்து வருவது. எந்த வருடப் பட்டியலிலும் இதற்கு ஒரு வரி கூட இல்லை. 2022-இல் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்த கேக் பெட்டிகள் ஐந்து. கணவர் அலுவலகம், என் அலுவலகம், கொழுந்தன், பிள்ளைகளின் டியூஷன் டீச்சர், எதிர்வீடு. ஐந்து வரும் என்று தெரிந்தே நாங்கள் மூன்று கிலோ வாங்கியிருந்தோம். வரவைப் பார்க்காமல் செலவைப் போடுவது என் தொழிலில் செய்தால் வேலை போய்விடும்.

நாலாவது காரணம் தட்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

வெள்ளத்து வருடம்

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றும் நாள், மகிழ்ச்சி ஞாயிறு என்றே அதற்குப் பெயர். அன்று பிடித்த மழை விடவில்லை. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பல நூறு பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவில் நின்றது. தாமிரபரணி கரை தாண்டியது. எங்கள் தெருவில் முட்டளவுத் தண்ணீர், மின்சாரம் இல்லை, போன் இல்லை.

சீட்டு மூட்டை அப்போது அடுப்படித் தரையில், சுவரோரம் சாய்ந்திருந்தது. 18-ஆம் தேதி காலையில் அதைத் தூக்கினோம், சாக்கின் அடியிலிருந்து மைதா கூழாக ஒழுகியது. சீனியைத் தேடவே வேண்டியதில்லை, அது தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துபோயிருந்தது. எண்ணெய் பாக்கெட்டுகள் தப்பின. பரணில் ஒரு டப்பாவில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பச்சரிசி மாவு இருந்தது.

24-ஆம் தேதிக்குள் தெருத் தண்ணீர் பாதி வடிந்திருந்தது. கொழுந்தன் வரவில்லை, வரவேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். மாமியார் அந்த மாவில் அச்சு முறுக்கு சுட்டார்கள். தேங்காய்ப்பால், இரண்டு முட்டை, கறுப்பு எள், பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய ஒரு டம்ளர் சீனி. இரும்பு அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, மாவில் முக்கால் உயரத்துக்கு முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்கி லேசாக உதறினால் பூ கழன்று மிதக்க வேண்டும். அச்சு போதிய சூடில்லை என்றால் மாவு பிடிக்காது, சூடு அதிகமானால் சுர்ரென்று வழிந்துவிடும். முதல் நாலைந்து எப்போதும் பிய்யும். வேறு வருடமாக இருந்தால் பிய்ந்ததைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த முறை ஒன்றைக் கூடத் தள்ளவில்லை, தேய்ந்த பூவையும் எண்ணி வைத்தார்கள். வீட்டுக்கு ஐந்தாக வாழையிலைத் துண்டில் சுற்றி ஏழு வீட்டுக்குக் கொடுத்தோம்.

25 மதியம் சோறும் முட்டைக் குழம்பும். இதை நான் அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. முகாமில் இருந்தவர்கள் இருந்தார்கள், படகும் மாடும் உப்பளமும் போனவர்கள் இருந்தார்கள். வெள்ளம் வந்து சிக்கனம் கற்றுத் தந்தது என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். இல்லாமையால் குறைத்தது திட்டத்தில் சேராது. ஆனாலும் நோட்டில் அந்த வருடப் பக்கம் ஐந்தே வரிதான், அந்த ஐந்து வரிக்குள் ஏழு வீட்டுக்கும் பலகாரம் போயிருந்தது என்பதையும் மறைக்க முடியாது. இலைப் பொட்டலத்தில் ஐந்து பூவை வாங்கிக்கொண்ட எதிர்வீட்டுக்காரர்கள், அடுத்த ரம்ஜானுக்கு வழக்கம்போல் வாளி நிறையக் கஞ்சி கொடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 1, 2024

அடுத்த வருடம் ஜனவரியிலேயே சீட்டை நிறுத்தினேன். அந்த 300 ரூபாயை மாதாமாதம் தனி உறையில் போட்டு வைத்தேன். இரண்டு மாதம் அதிலிருந்து எடுத்துச் செலவும் செய்தேன், ஒளிப்பானேன். டிசம்பரில் உறையில் 3,000 இருந்தது. பணமாக இருந்ததால் மைதா என்னை அவசரப்படுத்தவில்லை.

2024 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 1. பூசை முடிந்து வந்து நானும் மாமியாரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். வழக்கமாக, "மைதா, சீனி, எண்ணெய்" என்று பொருளிலிருந்துதான் எழுத ஆரம்பிப்போம். இந்த முறை பொருளை எழுதவே கூடாது, முதலில் ஆளை எழுதுவோம் என்றேன். பலகாரம் கொடுக்கும் வீடுகளை மாமியார் விரல் விட்டுச் சொன்னார்கள். இடப்பக்கம், வலப்பக்கம், எதிர்வரிசை, பழைய தெருவில் மூன்று, என் கணவரின் நண்பர் வீடு, பால்காரர், குப்பை எடுக்க வருகிற அக்கா. 18.

அந்த நேரத்தில்தான் எனக்குத் தோன்றியது. பரணிலிருந்து நாங்கள் வழக்கமாகப் பலகாரம் வைத்துக் கொடுக்கும் எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துத் துடைத்து, வீட்டில் இருந்த பொரியை நிரப்பி, எப்போதும் வைக்கும் அளவுக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்த்தேன். பிறகு கடையில் முறுக்கும் கொஞ்சம் அதிரசமும் வாங்கி வரச்சொல்லி, அதையே தட்டில் அடுக்கிச் சமையல் தராசில் வைத்தேன். தட்டின் எடை போக 500 கிராமுக்கு இரண்டு மூன்று கிராம் மேலே காட்டியது. அதன் பிறகும் தட்டு குறைவாகவே தெரிந்தது.

"ஏட்டி, கொடுக்கிற பண்டத்தைத் தராசுல வச்சா கொடுப்பாவ?" என்றார்கள் மாமியார்.

"கொடுக்கும்போது வைக்க மாட்டேன் மாமி. இப்ப மட்டும்."

18 வீடு, வீட்டுக்கு அரைக்கிலோ. 9 கிலோ பலகாரம். நாங்கள் தின்றதைவிட, தட்டு தின்றதுதான் அதிகம். இத்தனை வருடமும் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், பிள்ளைகளைத் திட்ட வேண்டும் என்றே பேசிக்கொண்டிருந்தோம். தாம்பாளம் பெரியது, அதில் பாதி வைத்துக் கொடுத்தால் கேவலம், அதனால் நிரப்புகிறோம். எதிர்வீட்டிலும் பத்துக் கிறிஸ்தவ வீட்டிலிருந்து இப்படிப் பத்துத் தாம்பாளம் போய் இறங்குகிறது. அவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

வீடுகளைக் குறைக்கலாமா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை. ஒரு வருடம் விட்டால், ஏதோ மனத்தாங்கல் என்று பேச்சு வந்துவிடும். தீபாவளிக்கு அதிரசம் தந்த வீட்டுக்கு வெறுங்கையோடு நிற்க முடியுமா? தட்டை மாற்றினோம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சின்ன எவர்சில்வர் தட்டு, கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு தருகிற வகை, எங்களிடமே இருபதுக்கு மேல் கிடந்தது. அதில் ஒரு கைப்பிடி கலகலா, நாலு அச்சு முறுக்கு, ஒரு சின்ன முறுக்கு, கேக் இரண்டு துண்டு. கூம்பாக நிறைந்து, மேலே துணி போட்டால் உப்பிக்கொண்டு நின்றது. எடை 250 கிராம். மாமியார் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். "நிறைஞ்சாப்புலதான் இருக்கு" என்றார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

18 வீட்டுக்கு 4.5 கிலோ. வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ. ஆக 6 கிலோ. இதற்குப் பிறகுதான் பொருள் எழுதினோம். ஒன்றரைக் கிலோ மைதாவுக்குக் கலகலா இரண்டேகால் கிலோ தேறும். ஒரு கிலோ அரிசி மாவில் அச்சு முறுக்கு, அரைக்கிலோ மாவில் முறுக்கு, ஒரு கிலோ கடை கேக். நெய் விளங்காயும் ரவா லட்டும் பட்டியலில் ஏறவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் மக்ரூனை விடமாட்டோம், அது அரைக்கிலோ. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் அடித்துச் சுடுகிற பண்டம், டிசம்பர் ஈரக்காற்றில் டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் ஒரே நாளில் நமத்துவிடும். ஒரு கிலோ வாங்கிய வருடங்களில் கடைசிக் கால் கிலோ எப்போதும் நமத்துத்தான் போனது.

தேதியைப் பற்றி நான் பேசத் தொடங்கும் முன்பே மாமியார் பேசினார்கள். அவர்களுடைய சிறுவயதில் 24-ஆம் தேதி ஒருசந்தி. அன்று பெரியவர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு, கறி கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நோன்பு திருச்சபையின் விதியாகவே இருந்த காலம், 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளை மாற்றியமைக்கும் வரை. "எங்கம்மா பண்டத்தைச் சுட்டுப் பானையில போட்டு உறியில ஏத்திருவா. பூசை முடியாம ஒருத்தரும் கை வைக்க முடியாது. நாங்க கீழ நின்னு மோந்து பாத்துக்கிட்டே திரிவோம்" என்றார்கள். அன்றைக்கு உறி செய்ததை இன்றைக்குத் தேதிதான் செய்ய வேண்டும். 22-ஆம் தேதி ஞாயிறு கலகலாவும் முறுக்கும், 23 அச்சு முறுக்கு, அதற்கு முன் அடுப்பேற்றுவதில்லை என்று முடிவானது. கேரல் குழுவுக்குச் சுக்குக் காப்பியும் கடை பிஸ்கட்டும்.

22-ஆம் தேதி கொழுந்தன் வீட்டார் ஒருநாள் முன்பே வந்துவிட்டதால் கலகலா தேய்க்க ஆறு கை கிடைத்தது. இதற்கென்று மாமியார் ஒவ்வொரு வருடமும் ஒரு புதுச் சீப்பு வாங்குவார்கள். நெல்லிக்காய் அளவு மாவைச் சீப்பின் பல்லில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தித் தள்ளினால் வரிவரியாகச் சுருண்டு விழும். ஒன்றரைக் கிலோ மாவு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 2022-இல் ஏழு கிலோவையும் நானும் மாமியாருமே இரண்டு தவணையாக உட்கார்ந்து தேய்த்தோம், கட்டை விரல் இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. பிள்ளைகள் அப்போது பக்கத்தில் வரக்கூட இல்லை. இந்த முறை அவர்களுக்குள் யார் சுருள் அழகு என்று போட்டி.

கறிக்கு இலைக் கணக்கு. பெரியவர், சிறியவர் சேர்த்துத் தலைக்குச் சராசரி 125 கிராம் அரிசி, 12 பேருக்கு ஒன்றரைக் கிலோ சீரகச் சம்பா, இரண்டு கிலோ கறி. காலைக் குழம்புக்கு ஒரு கிலோ. கறியில் கஞ்சம் பிடிக்கவில்லை, அரிசிக்குக் கறி கூடுதலாகவே இருக்கட்டும் என்று வைத்தோம். 2022-இல் வாங்கிய 5 கிலோவில் 3 கிலோ அரிசி போட்டதற்கு, "யாராவது திடீரென்று வந்தால்" என்பதுதான் காரணம். இத்தனை வருடத்தில் கிறிஸ்துமஸ் மதியம் சொல்லாமல் வந்து சாப்பிட்டவர்கள் இரண்டு பேருக்கு மேல் போனதாக மாமியாருக்கும் நினைவில்லை. அதற்கு வெள்ளைச் சோறும் ரசமும் கொஞ்சம் தனியாக வடித்து வைத்தோம். யாரும் வரவில்லை, இரவு நாங்களே அதை ஆசையாகச் சாப்பிட்டோம். பிரியாணிக்குப் பிறகு ரசச் சோறு எவ்வளவு ருசி என்று தனிக் கட்டுரை எழுதலாம்.

நினைத்தபடி நடக்காதவை

அளவு பாதிக்கும் கீழே இறங்கியும் ரூபாய் அந்த வேகத்தில் இறங்கவில்லை. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய் மீதான இறக்குமதி வரியை மத்திய அரசு ஏற்றியது. மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனதில் பாக்கெட் விலை பண்டிகைக்குள் ஏறிவிட்டது. தேங்காயும் பூண்டும் வேறு பக்கம் ஏறின. முட்டை டிசம்பரில் ஏறுவது வழக்கமே, கேக் போடுகிறவர்கள் மொத்தமாக எடுக்கிறார்கள். மொத்தச் செலவு 7,400 ரூபாய் வந்தது. எண்ணெய் 4 லிட்டர், முட்டை 30, சீனி இரண்டரைக் கிலோ. உறையில் இருந்த 3,000 போக மீதி 4,400 தான் டிசம்பர்ச் சம்பளத்தில் கை வைத்தது. 2022-இல் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வைத்திருப்போம். சீட்டுக்குக் கட்டிய 3,600 போனாலும் 10,700.

கேக் வரவைத் தடுக்க முடியவில்லை. இந்த முறை ஆறு பெட்டி. கொழுந்தன் மட்டும் இரண்டு. வாங்காதீர்கள் என்று முன்னமே சொல்லியிருக்கலாம், ஆனால் சென்னையிலிருந்து வருகிறவரிடம், "கேக் வேண்டாம்" என்று எந்த வாயால் சொல்வது? ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் திறக்கலாம் என்று வைத்துக்கொண்டோம். திறக்காத மூன்று பெட்டி 26-ஆம் தேதியே பக்கத்துப் பிள்ளைகள் விடுதிக்குப் போயின. நல்ல பிளம் கேக் இரண்டு வாரம் தாங்கும், அதனால் கொடுக்கக் கூச்சமில்லை. ஆனால் கடையில் ஒரு கிலோ நாங்கள் வாங்கியது முழுக்கத் தண்டம். வரப்போகும் பெட்டியையே தட்டுக்கு வெட்டியிருக்கலாம். அடுத்த வருடத்துக்கு ஒரு திருத்தம் என்று நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது.

பெரிய சறுக்கல் இன்னொன்று. ஜனவரி 6 அன்று குடிலைப் பரணில் ஏற்றப்போனபோது, அங்கே பழைய போர்வைக்குப் பின்னால் ஒரு டின் இருந்தது. திறந்தால் ஒரு கிலோவுக்கு மேல் முறுக்கு. நான் வேலைக்குப் போயிருந்த 23-ஆம் தேதி பகலில், அச்சு முறுக்கோடு சேர்த்து மாமியார் தனியாக மாவு பிசைந்து பிழிந்திருக்கிறார்கள். எண்ணெய் ஏன் கணக்கைவிட அரை லிட்டர் குறைந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"யாருக்கு மாமி இது?"

"யாருக்குன்னு இல்ல. இருக்கணும்லா."

அதற்கு என்னிடம் பதிலில்லை. பண்டிகை நாளில் டின் காலியாக இருப்பதை வறுமை என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். கிலோவும் கிராமும் அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் போக முடியாது. தட்டு சிறியதானதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு டின் சிறியதாவது பொறுக்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் கவனித்தேன், அந்த டின்னை அவர்கள் தொட்டிருக்கவே இல்லை. முறுக்கு எண்ணி வைத்தாற்போல் இருந்தது. வெறுமனே இருப்பதற்காகவே இருந்த முறுக்கு. நாற்றம் வரும் முன் டியூஷன் பிள்ளைகள் இரண்டே நாளில் தீர்த்தார்கள்.

அவர்களுடைய சர்க்கரை அளவு அந்த ஜனவரியில் முந்தைய ஜனவரிகளைவிடக் குறைவாக இருந்தது. மாத்திரையும் இடையில் மாறியிருந்தது, எனவே அதைப் பலகாரக் கணக்கில் வரவு வைக்க மாட்டேன்.

இந்த முறையை நாத்தனார் வீட்டில் செய்து பார்த்தார்கள், சரிப்படவில்லை. அவர்கள் கூட்டுக் குடும்பம், மூன்று அடுப்படி, பலகாரக் கொடுப்பு மூன்று பக்கமும் தனித்தனி. ஒரே வீட்டுக்கு மூன்று மருமக்களும் தனித்தனித் தட்டு அனுப்புகிறார்கள். அங்கே தட்டை எடைபோடும் முன் மூவரும் ஒரே பட்டியலில் உட்கார வேண்டும், அது தராசு வேலை இல்லை.

2025-க்குத் திருவருகைக் காலம் நவம்பர் 30-இலேயே தொடங்கியது. அன்று நோட்டை எடுத்தபோது மாமியாரே, "முதல்ல ஆளை எழுது" என்றார்கள். தெருமுனையில் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. தட்டு 19, கடை கேக் இல்லை, முறுக்கு ஒரு கிலோ கூடுதல், பரண் டின்னுக்கு.